தவளையும் நம் ஆசைக் கைகளும்

தவளை என்றதும் நம் வகுப்பில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். "ஐயே!" என்று பெஞ்சின் மேல் ஏறுபவர்கள் ஒரு கட்சி. பார்வோனின் அடுப்பிலும் மாப்பிசையும் தொட்டியிலும் தவளைகள் ஏறிய வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் கேட்டபோதே காலைத் தூக்கிக்கொண்டவர்கள் இவர்கள். "எங்கே, எங்கே?" என்று பிடிக்க ஓடுபவர்கள் மற்றொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவள். ஆனால் தவளைகளுக்கு எங்கள் கட்சியாலேயே அதிகத் துன்பம் என்பது இப்போது என் கருத்து. வெறுப்பவர்கள் விலகிப் போய்விடுகிறார்கள். விரும்புகிற நாங்கள்தாம் கையில் எடுக்கிறோம்.

சென்ற ஆண்டு ஆனி மாதம் சாரல் தொடங்கிய சமயம், எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு மரத்தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகளில் சின்னச் சின்ன வட்டங்கள், பெரிய கண்கள். எனக்கும் தம்பிக்கும் அதை வளர்க்க ஆசை. காலியான காப்பித்தூள் பாட்டிலைக் கழுவி, மூடியில் ஆணியால் துளையிட்டு, உள்ளே விட்டோம். தினமும் பள்ளிக்குப் புறப்படுமுன், தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சடை பின்னிய கையோடு அதை எடுத்து விளையாடுவேன். முதல் நாள் கையை நனைத்துவிட்டது; விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டாம் நாள் உடம்பை உப்பிக்கொண்டது. "அக்கா, அதுக்குக் கோபம்!" என்றான் தம்பி. மூன்றாம் நாள் கால்களை ஒடுக்கிக்கொண்டு என் உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது. பழகிவிட்டது, தூங்குகிறது என்று நான் பெருமைப்பட்டேன். நான்காம் நாள் அது உண்மையாகவே அசையவில்லை.

அழுதுகொண்டே உயிரியல் சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. நான் கண்ட ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று விளக்கினார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோல் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வறட்சிக்கு உதவும்படி அந்த நீரைச் சிறுநீர்ப்பையில் சேர்த்து வைப்பதும் உண்டு. எதிரி பிடித்தால் அதையே பீய்ச்சி, திடுக்கிட வைத்துத் தப்பப் பார்க்கிறது. நாங்கள் சிரித்தது அது தன் குடத்தைக் கவிழ்த்தபோது! உப்புவது கோபமல்ல, பாம்பு விழுங்க முடியாதபடி தன்னைப் பெரிதாக்கிக்கொள்வது. கடைசித் தந்திரம் செத்தது போல் கிடப்பது. அசையாத இரையைப் பல பிராணிகள் விட்டுவிடும். நான் விடவில்லை.

"தவளை தன் வாயால் கெடும்" என்பது பழமொழி. வயல் பக்கம் வீடுள்ளவர்கள், பாம்பின் வாயில் சிக்கிய தவளை கூச்சலிடுவதைக் கேட்டிருப்பீர்கள். பிடித்த பிராணியைத் திடுக்கிடச் செய்து பிடியைத் தளர்த்தும் முயற்சி அது என்கிறார்கள். பழமொழி செய்தவர் இதைக் கவனிக்கவில்லை போலும்.

தேரையின் கதை வேறு. எங்கள் ஆச்சிக்குத் தேரை என்றால் துடைப்பம்தான். அது பாய்ந்தால் தேங்காய் வற்றும், குழந்தை மெலியும் என்பார்கள். குழந்தை மெலிவது ஊட்டக் குறைவாலும் நோயாலும்தான். தேரைக்கு அதில் பங்கில்லை. தொட்டால் மரு வரும் என்பதும் தவறு. மரு ஒரு வைரஸால் வருவது. ஆனால் ஆச்சியின் பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. தேரையின் கண்களுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் நஞ்சு இருக்கிறது. கவ்விய நாய் வாயில் நுரை தள்ளுவது அதனால்தான். ஆகவே தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல், சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

நிற்க. குற்றாலத்துச் சாரல் காலத்துக்கு வருவோம். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதே கையோடு ஓடைக்கரைக் குட்டித் தவளைகளைப் பிடித்துத் தண்ணீர் பாட்டிலில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். தவளைக்குத் தோலும் ஒரு நுரையீரல். எண்ணெயும் சோப்பும் கொசு மருந்தும் அதற்கு ஆகாதவை. அத்துடன், உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் ஒரு தோல் பூஞ்சையை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கண்டறிந்திருக்கிறார்கள். ஓர் ஓடைத் தவளையை வேறோர் ஊர்க் குளத்தில் விட்டால் நோயும் கூடவே போகலாம்.

ஒரு காலத்தில் நம் நாட்டுத் தவளைக் கால்கள் டன் கணக்கில் கப்பலேறின. அரசு 1987-ல் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. விலங்கியல் வகுப்பில் பிராணிகளை அறுப்பதை 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொன்னது. இப்படிக் கத்திக்குத் தப்பிய தவளை காப்பித்தூள் பாட்டிலில் சாகலாமா?

அப்படியானால் தொடவே கூடாதா என்று கேட்பீர்கள். கிணற்றிலோ வாளியிலோ விழுந்து கிடந்தாலும், சாலை நடுவில் உட்கார்ந்திருந்தாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். கையை நல்ல தண்ணீரில் கழுவி, துடைக்காமல் ஈரத்தோடு எடுங்கள். ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்காமல், அடியில் ஒரு கை, மேலே குவித்த ஒரு கை. தரைக்கு அருகிலேயே வைத்திருங்கள், துள்ளினால் அடிபடாது. எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிழலில் விட்டுவிடுங்கள். இதைவிடச் சுலபம் சிரட்டை. மேலே கவிழ்த்து, அடியில் ஒரு வாழையிலைத் துண்டைச் செருகினால் தவளையைத் தொடவே வேண்டாம்.

எங்கள் குளியலறை ஜன்னலில் இப்போது ஒரு சிரட்டை இருக்கிறது. இந்த ஆண்டுச் சாரலுக்கும் ஒரு மரத்தவளை வந்தது. சிரட்டையில் கொண்டுபோய்க் கொல்லையில் வாழையடியில் விட்டேன். மறுநாள் இரவு சுவரில் மறுபடியும் ஒன்று. அதுவேதானா என்று தெரியவில்லை. தம்பி அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றான். "வைத்துக்கொள், கதவருகே நின்று கூப்பிடு" என்றேன்.