வெற்றியில் ‘நாம்’, தோல்வியில் ‘அவர்கள்’

இவ்வாரச் சிந்தனைக்கு விளையாட்டரங்கில் நடக்கும் ஒரு பாவத்தை எடுத்துக்கொள்கிறேன். இதைப் பாவம் என்று சொல்வது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். வாசித்து முடித்தபின் நீங்களே நிதானித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகள் கல்லூரிக் கால்பந்துக்கு உரியவை. அங்கே கால்பந்து எனப்படுவது நாம் அறிந்த பந்துதைக்கும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் தடுப்பைப் பிளந்துகொண்டு எல்லைக்கோடு வரை முன்னேறும் ஆட்டம் அது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் 1,07,000 பேருக்கு மேல் அமரலாம். களத்தில் இறங்குகிறவர்களோ பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய மாணவர்கள். இலட்சம் பேர் கூடி ஓர் இளைஞனை ‘எங்கள் பிள்ளை’ என்று கொண்டாடுவது கண்ணுக்கு இனிய காட்சிதான். அதே பிள்ளை தோற்றுத் தலைகுனிந்து வெளியேறும்போது அந்த இலட்சம் வாய்கள் என்ன பேசுகின்றன என்பதே நம் கேள்வி.

1976-ஆம் ஆண்டில் ராபர்ட் சால்டினி என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வந்த திங்கட்கிழமை வகுப்புகளில், மாணவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று கவனித்தார்கள். தங்கள் அணி வென்ற வாரங்களில் பல்கலைக்கழகப் பெயரும் சின்னமும் பொறித்த ஆடைகள் வகுப்பறைகளில் பெருகின. வெல்லாத வாரங்களில் குறைந்தன. பின்பு மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஆட்டத்தின் முடிவைச் சொல்லும்படி கேட்டார்கள். வென்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ‘நாம்’ என்ற சொல் தாராளமாக வந்தது. தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அது அரிதாயிற்று. அணி ‘அவர்கள்’ ஆயிற்று.

அந்த ஆய்வில் இன்னும் கூர்மையான ஒரு செய்தி உண்டு. அழைக்கப்பட்ட மாணவர்களிடம் முதலில் சில கேள்விகள் கேட்கப்பட்டன. ‘நீங்கள் சரியாக விடை சொல்லவில்லை’ என்று அறிவிக்கப்பட்டவர்களிடமே இந்த வேறுபாடு மிகுதியாகக் காணப்பட்டது. தன்னில் குறைவுண்டு என்று உணர்ந்தவனே அயலானுடைய வெற்றியை அதிகமாய்ப் பற்றிக்கொண்டான். அவனே தோற்றவனை விட்டு விரைவாய் விலகினான்.

பிறர் மூட்டிய நெருப்பில் குளிர்காய்தல் என்று தமிழில் இதற்குப் பெயர். குளிர்காய்ந்துகொண்டே தன் ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்த பேதுருவை நாம் அறிவோம். பேதுருவுக்காவது உயிர்ப்பயம் இருந்தது. அரங்கில் இருக்கும் ரசிகனுக்கு என்ன பயம்?

மறுதலிப்போடு நின்றால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது பகையாய் மாறுகிறது. 2021 அக்டோபர் 16 அன்று டென்னசி அணி மிசிசிப்பி அணியிடம் தோற்கும் நிலையில் இருந்தது. 54 வினாடிகளே மீதமிருந்தபோது நடுவரின் தீர்ப்பு ஒன்று பிடிக்காமல், டென்னசி ரசிகர்கள் பாட்டில்களையும் கைக்கு அகப்பட்டவற்றையும் களத்தில் எறிந்தார்கள். எதிரணிப் பயிற்சியாளர் லேன் கிஃபின் மீது ஒரு கோல்ஃப் பந்து பட்டது. ஆட்டம் ஏறத்தாழ இருபது நிமிடம் நின்றது. ரசிகர்கள் யாருடைய பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தார்களோ, அந்த டென்னசியின் இசைக்குழுவும் உற்சாகக் குழுவும் கூடப் பாதுகாப்புக்காக ஓரத்தைவிட்டு விலக வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு 2,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024-இல், ஜார்ஜியாவிடம் பின்தங்கியிருந்த டெக்சாஸ் அணியின் ரசிகர்கள் அதையே செய்தார்கள். ஆட்டம் நின்ற இடைவெளியில் நடுவர்கள் கலந்து பேசித் தங்கள் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்கள். அப்படியிருந்தும் டெக்சாஸ் 15-30 என்று தோற்றது. அபராதம் அதே 2,50,000 டாலர்.

பாட்டில் எறிந்தவர்கள் சிலரே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. நாவினால் எறிகிறவர்கள் எண்ணிறந்தவர்கள். 2013 நவம்பர் 30 அன்று அலபாமா அணி தன் பரம எதிரியான ஆபர்ன் அணியைச் சந்தித்தது. அலபாமாவின் உதைப்பாளரான கேட் ஃபாஸ்டர் என்னும் மாணவருடைய முயற்சிகள் மூன்று அன்று பலிக்கவில்லை. ஆட்டத்தின் கடைசி வினாடியில் வேறொருவர் உதைத்த பந்து குறியை எட்டாமல் போக, அதைப் பிடித்த ஆபர்ன் வீரர் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடி வெற்றியைப் பறித்துக்கொண்டார். அன்றிரவே ஃபாஸ்டருக்குக் கொலை மிரட்டல்கள் வரத் தொடங்கின. அனுப்பியவர்கள் ஆபர்ன் ரசிகர்கள் அல்லர். அவரை முந்தின வாரம்வரை ‘நாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அந்த நாட்களில் அவருக்கு ஆறுதலாகத் தம் கைப்பட ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார் முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். ஒரு மாணவன் பந்தைத் தவறாக உதைத்ததற்கு, நாட்டை ஆண்டவர் தேற்றரவு எழுத வேண்டியதாயிற்று. இது ரசிகர் கூட்டத்துக்கு வெட்கமில்லையா?

இதற்கு மறுமொழியாக இரண்டு வாதங்களைக் கேட்கிறேன். ‘நாங்கள் பணம் கொடுத்து வந்திருக்கிறோம்; ஏசுவதற்கு எங்களுக்கு உரிமை உண்டு’ என்பது ஒன்று. ‘இப்போது மாணவ வீரர்களும் பணம் வாங்குகிறார்கள், அவர்களுக்கு ஏன் இரக்கம்?’ என்பது மற்றொன்று. 2021 முதல் அவர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு பொருளீட்டலாம் என்பதும், 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்பதும் உண்மையே. ஆனால் கூலி கொடுத்தவன் உழைப்பைத்தான் வாங்கினான். உழைப்பவனுடைய மானத்தை வாங்கவில்லை. கொத்தனார் கட்டிய சுவர் கோணலானால் திருத்தச் சொல்லலாம், கூலியைக் குறைக்கவும் சொல்லலாம். அவருடைய தாயைப் பழிக்கவும், அவர் உயிரை எடுப்பேன் என்று எழுதவும் எந்தக் கூலி உரிமை தந்தது? ஆட்டத்தைக் குறை சொல்லுங்கள். கோடிகளில் ஊதியம் பெறும் பயிற்சியாளரின் உத்தியைக் கேள்வி கேளுங்கள். அதை யாரும் தடுக்கவில்லை. ஆட்டத்தைக் குறை சொல்வதற்கும் ஆளைச் சபிப்பதற்கும் இடையே உள்ள கோடு எங்கே இருக்கிறது என்று சபிக்கிறவனுக்குத் தெரியும்.

சூதாட்டம் இந்தத் தீயில் எண்ணெய் வார்த்திருக்கிறது. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமாகிவிட்டது. பந்தயம் கட்டியவனுக்கு அந்த மாணவன் பிள்ளையுமல்ல, வீரனுமல்ல, கைநழுவிப்போன பணம். பணத்தை இழந்தவன் தன் பேராசையின்மேல் கோபப்படாமல், பந்தைத் தவறவிட்ட பையன்மேல் கோபப்படுகிறான். தோல்வியைத் தாங்க முடியாத ஒரு தலைமுறையைக் கைப்பேசிப் பந்தயங்கள் வளர்த்துக்கொண்டிருக்கின்றன.

ரசிகரின் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதையும் பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட் அணி தன் சொந்த அரங்கில் மிச்சிகனிடம் 10-13 என்று தோற்றது. அது மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காம் தோல்வி. வென்றவர்கள் களத்தின் நடுவில் கொடி நாட்ட முயல, தோற்றவர்கள் பாய, கைகலப்பு மூண்டது. காவலர் மிளகுத் தூள் தெளிக்க நேர்ந்தது. வென்றவருக்குத் தாழ்மையில்லை, தோற்றவருக்குப் பொறுமையில்லை. இரு பல்கலைக்கழகங்களும் ஆளுக்கு 1,00,000 டாலர் அபராதம் கட்டின. பயிற்சியாளர் ரயன் டேயைச் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். அவரை நீக்க வேண்டும் என்ற குரல் எங்கும் எழுந்தது. ஏழு வாரங்களுக்குப் பின், 2025 ஜனவரி 20 அன்று, அதே பயிற்சியாளரும் அதே வீரர்களும் நாட்டின் சாம்பியன்கள் ஆனார்கள். இகழ்ந்த வாய்கள் மறுபடியும் ‘நாம்’ என்றன. அந்த ஏழு வாரங்களுக்காக யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

இனி ஆடுகிறவர்கள் பக்கம் திரும்புவோம். ரசிகரை மட்டும் கண்டித்து வீரரைத் தப்பவிடுவது நீதியாகாது. தோல்வி மனிதனுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவரும். ஒஹாயோ ஸ்டேட்டின் வூடி ஹேய்ஸ் 28 ஆண்டுகள் பயிற்சியாளராய் இருந்து ஐந்து தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தவர். 1978 டிசம்பர் 29 அன்று, தோல்வி உறுதியான நேரத்தில், தம் அணியின் பந்தைப் பறித்த கிளெம்சன் வீரர் சார்லி பாமனைக் கையால் குத்தினார். மறுநாளே பதவி போயிற்று. 28 ஆண்டுகளில் கட்டியதை ஒரு நொடிக் கோபம் இடித்துப் போட்டது.

நம் காலத்தில் தோல்வியை எதிர்கொள்ளும் விதம் வேறு: விலகிப்போதல். 2023-இல் ஃபுளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டங்களிலும் வென்றும் சாம்பியன் போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அது அநீதி என்று அவர்கள் குமுறியதில் நியாயம் உண்டு. ஆனால் அடுத்து நடந்த ஆட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இறங்கவில்லை. சிலருக்குக் காயம், சிலர் தொழில்முறை ஆட்டத்துக்காகத் தங்களைக் காத்துக்கொண்டார்கள், சிலர் வேறு கல்லூரி தேடிப் புறப்பட்டுவிட்டார்கள். இறங்கியவர்கள் ஜார்ஜியாவிடம் 3-63 என்று தோற்றார்கள். விலகியவரை மட்டும் நான் பழிக்கமாட்டேன். பருவம் முடியுமுன்னே பெரிய சம்பளத்துக்காக வேறு பல்கலைக்கழகத்துக்குத் தாவும் பயிற்சியாளர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பெரியவர்கள் விதைத்ததைப் பிள்ளைகள் அறுக்கிறார்கள். ஆயினும், அந்த மாலையில் எஞ்சி நின்று அடிவாங்கிய இளையவர்களை நினைத்துப் பாருங்கள். ‘நாம்’ என்று சொல்ல அவர்களுக்கு யார் மிஞ்சியிருந்தார்கள்?

வேறு வழியே இல்லையா? உண்டு. ஓர் அணிக்குத் தொடர்ந்து நான்கு முயற்சிகள் மட்டுமே என்பது இந்த ஆட்டத்தின் விதி. 1940 நவம்பர் 16 அன்று, அந்தப் பருவத்தில் தோல்வியே காணாத கார்னெல் அணி, நடுவரின் தவறால் கிடைத்த ஐந்தாம் முயற்சியில் புள்ளி எடுத்து டார்ட்மத் அணியை வென்றது. படச்சுருளைப் பார்த்துத் தவறை உணர்ந்த கார்னெல் பல்கலைக்கழகம், வெற்றியை விட்டுக்கொடுப்பதாக டார்ட்மத்துக்குத் தந்தி அனுப்பியது. இன்றும் ஏடுகளில் அந்த ஆட்டம் டார்ட்மத் 3-0 என்று வென்றதாகவே இருக்கிறது.

1990 அக்டோபர் 6 அன்று இதே தவறு மீண்டும் நடந்தது. கொலராடோ அணி ஐந்தாம் முயற்சியில் மிசூரி அணியை 33-31 என்று வென்றது, வெற்றியை விட்டுக்கொடுக்கவில்லை, அந்த ஆண்டின் தேசியப் பட்டத்திலும் பங்கு பெற்றது. அதன் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி, ‘பிராமிஸ் கீப்பர்ஸ்’ என்னும் கிறிஸ்தவ ஆண்கள் இயக்கத்தை நிறுவியவர். பின்னாளில் அவர் அதற்காக மனம் வருந்தினார். இதை நம்மவரைத் தூற்றுவதற்காக எழுதவில்லை. வேதத்தை அறிந்தவனுக்கும் தோல்வியை ஏற்றுக்கொள்வது எளிதல்ல என்று நாம் தாழ்மையோடு அறிக்கையிடவே எழுதுகிறேன். புள்ளி எடுத்தவுடன் வானத்தை நோக்கி விரல் நீட்டும் வீரர்களைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். பந்தைத் தவறவிட்டபின் அவர்கள் தோழனுடைய தோளில் கை வைக்கிறார்களா என்றும் பார்ப்போம்.

இறுதியாக ஒரு பெயரை நினைவில் வையுங்கள்: பிரெய்ரி வியூ. டெக்சாஸில் உள்ள, கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் அணி 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டங்களில் தோற்றது. விளையாட்டுக்கான உதவித்தொகை இல்லாமல் ஆடிய மாணவர்கள் அவர்கள். நான்கு ஆண்டுகள் படித்து, ஒரு வெற்றியும் காணாமல் பட்டம் வாங்கிச் சென்றவர்கள் அவர்களில் உண்டு. இருந்தும் அடுத்த வாரம் வந்தது; அவர்களும் சீருடை அணிந்து இறங்கினார்கள். 1998 செப்டம்பர் 26 அன்று லாங்ஸ்டன் அணியை 14-12 என்று வென்றபோதுதான் அந்த நெடிய இரவு விடிந்தது. அந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தை எந்தச் சாம்பியன் பட்டத்தோடும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

ஆங்கிலத்தில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல். நம் தமிழோ எதிரே நிற்பவனைச் சேர்த்துக்கொள்ளும் சொல்லையும், அவனை வெளியே நிறுத்தும் சொல்லையும் தனித்தனியே வைத்திருக்கிறது. பிரியமானவர்களே, நீங்கள் எந்த நாட்டில் எந்த அணியை நேசித்தாலும், அது தோற்று வெளியேறும் வேளையில் உங்கள் வாயில் எந்தச் சொல் பிறக்கிறது என்று கவனியுங்கள். தோற்றவனுடைய முகத்துக்கு நேரே ‘நாம் தோற்றோம்’ என்று சொல்ல உங்களால் முடியாவிட்டால், அவன் வெல்லும் நாளில் ‘நாம் வென்றோம்’ என்று சொல்லவும் வேண்டாம்.