இரைச்சலாம்ல!

சீசன் நேரத்தில் ஐந்தருவிக்கு வரும் வேன்களைப் பாருங்கள் மக்களே. சினிமா கானா அலறும். உடம்பெல்லாம் எண்ணெயோடு வேனுக்கு முன்னால் குத்தாட்டம் நடக்கும். யாருக்கும் காது வலிக்காது. அதே கானாவை 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாடினால் மட்டும், "இதெல்லாம் பாட்டா? வெறும் இரைச்சல். இசையில எதுக்குய்யா அரசியல்?" என்று கிளம்பி விடுகிறார்கள்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய குழு அது. பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்த பெயர். முதல் ஆல்பம் 'மகிழ்ச்சி'. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க ஒலித்த மரண கானாவும் பறையும் சட்டியும் அதில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு சரிக்குச் சரி நிற்கின்றன.

இரைச்சல் என்பவர்களில் பாதிப் பேர் ரமோன்ஸ் டீசர்ட் போடுகிறவர்கள் (பாட்டு கேட்டார்களா என்பது வேறு விஷயம்!). 1976ல் வந்த ரமோன்ஸ் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. அது இரைச்சல் இல்லையாம், பங்க்! 1977ல் லண்டனில் 'தி கிளாஷ்' வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பாடினால் புரட்சி. வடசென்னைக்காரர் இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினால் மட்டும் "அரசியல் வேண்டாமே". என்ன கணக்கு இது?

சில பாட்டுகள் கோஷமாகவே நின்று விடுகின்றன என்று யாராவது சொன்னால் அது விமர்சனம், தாராளமாகப் பேசலாம். ஆனால் "பறை தமிழனின் பாரம்பரியம்" என்று ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டே இந்தப் பாட்டை பாதியில் நிறுத்துகிறவர்கள், அவரவர் ஊரில் பறை அடிப்பவர் எந்தத் தெரு வரைக்கும் வரலாம் என்று வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும். அப்புறம் பேசுவோம்.