வாசலுக்கு வரும் சம்மன்

"கோர்ட் காகிதமா? கையாலே தொடாதே! வாங்கினால்தானே வம்பு?"

தஞ்சாவூர்ச் சீமையில், திருவையாறு முதல் மன்னார்குடி வரை, எந்தத் திண்ணையில் கேட்டாலும் இந்த ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். சொல்லுகிறவருக்குச் செலவில்லை. கேட்டு நடக்கிறவருக்குத்தான் செலவு. அதிலும் புக்ககத்துக்கும் பிறந்தகத்துக்கும் நடுவில் நிற்கும் பெண் என்றால், செலவு மிகவும் அதிகம்.

விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் வளருவது என்பது போன்ற வழக்குகளில் எதிர்த் தரப்புக்குத் தகவல் சொல்லாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. அதற்காகத்தான் நோட்டீஸும் சம்மனும். மனுப் போட்டவர் பேட்டா கட்டுகிறார். ஜனங்கள் பொதுவாக 'அமீனா' என்று சொல்லும் கோர்ட் சிப்பந்தி, காகிதத்தோடு கிளம்புகிறார். குடமுருட்டிக் கரையோரமாகப் போய், எல்லோரும் நடவுக்குப் போய்விட்ட தெருவில் வீடு தேடுகிறார். ஊருக்கு ஊர் ஒரு மேலத் தெரு. தெருவுக்கு நாலு ராஜேந்திரன்! தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் சரியாக இல்லாவிட்டால், காகிதம் போன வழியே திரும்பிவிடும். ஒரு வாய்தா வீணாகும்.

சரி, வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் வாங்க மறுக்கிறீர்கள். பிறகு என்ன? சம்மனின் நகலை வாசற்கதவில் ஒட்டிவிட்டு, வீட்டை அடையாளம் காட்டியவரின் பெயரோடு கோர்ட்டுக்கு அறிக்கை கொடுத்துவிடுவார். பதிவுத் தபாலில் வந்திருந்தால், தபால்காரர் 'வாங்க மறுத்தார்' என்று எழுதினாலே போதும், சேர்ந்ததாகவே கணக்கு. மானத்துக்குப் பயந்து வாங்காமல் விட்ட காகிதத்தைத் தெருவே நின்று படிக்கும்! வாய்தாவன்று ஆஜராகாவிட்டால், 'எக்ஸ்பார்ட்டி' என்று ஒருதலையாகவே தீர்ப்பாகிவிடலாம். கையெழுத்துப் போட்டு வாங்குவதால் மனுவில் கண்டதையெல்லாம் ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. 'கிடைத்தது' என்று மட்டுமே அர்த்தம்.

வழக்கில் கண்ட ஆள் வீட்டில் இல்லாவிட்டால் யார் வாங்கலாம்? இங்கேதான் நம் சகோதரிகள் கவனிக்க வேண்டிய சரித்திரம் இருக்கிறது. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், 'கூட வசிக்கும், வயது வந்த ஆண்' என்றுதான் சொல்லியிருந்தது. வீட்டுச் சாவியும் நெல் கணக்கும் அம்மாள் கையில். ஆனால் அவள் கணவர் பேரில் வந்த காகிதத்தை வாங்க, பதினெட்டு வயதுப் பிள்ளை எழுந்து வர வேண்டும்! 1976-இல் திருத்தம் செய்து, 1977 பிப்ரவரி முதல் 'ஆணாயினும் பெண்ணாயினும்' என்று ஆக்கினார்கள். ஆனால் ஜீவனாம்ச மனுவுக்கு இடம் தரும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்த 'ஆண்' அசையவில்லை. புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-ஆம் தேதிதான் அவர் இடத்தைக் காலி செய்தார். நாற்பத்தேழு வருஷ இடைவெளி!

'கூட வசிக்கும்' என்ற சொற்களையும் மறக்க வேண்டாம். பெண் பிறந்தகத்தில் இருக்கிறாள்; விவாகரத்து நோட்டீஸ் புக்ககத்து விலாசத்துக்குப் போகிறது; மாமியார் வாங்கி வைத்துக்கொள்கிறார். இது முறையாகச் சேர்ந்த நோட்டீஸ் ஆகாது. ஒருதலைத் தீர்ப்பாகிவிட்டதென்று பின்னால் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை ரத்துச் செய்யக் கோரி மனுச் செய்யலாம். ஆனால் வாய்தாத் தேதி முன்பே தெரிந்திருந்தும் சும்மா இருந்துவிட்டு, 'முறையாகச் சேரவில்லை' என்று மட்டும் சொன்னால் எடுபடாது.

ஒளிந்து விளையாடும் கணவன்மார்களும் உண்டு. ஜீவனாம்ச வழக்கில் வேண்டுமென்றே நோட்டீஸுக்குத் தப்பித் திரிகிறார் என்று கோர்ட்டுக்குத் திருப்தியானால், அவர் இல்லாமலே விசாரித்து உத்தரவு போடலாம். போதிய காரணம் காட்டி அதை ரத்துச் செய்யக் கேட்க அவருக்கு மூன்று மாதமே அவகாசம். மேலும், ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, ஓடி ஒளிந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான் படியளக்க வேண்டும்!

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று மலைக்க வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

காகிதம் வந்தால் வாங்குங்கள். வாங்கிய தேதியை உறைமேல் எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். வாய்தாத் தேதியை அடுக்களைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பால் கணக்குத் தவறினால் சில ரூபாய் நஷ்டம். இந்தத் தேதி தவறினால் நஷ்டம் அவ்வளவோடு நிற்காது.