கூத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்கள் வேர்க்கடலை கொறிக்கவில்லையா, நாடக அரங்கில் மட்டும் ஏன் தடை என்று கேட்கிறார்கள். கூத்து திறந்தவெளிக் கலை. முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் முழங்க உச்சக்குரலில் பாடுகிறவரைக் கடலை உடைக்கும் சத்தம் ஒன்றும் செய்யாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரனோ கூட்டத்தோடு பேசியே ஆட்டத்தை வளர்ப்பவன்.

மூடிய அரங்கில் நடக்கும் ஒன்றரை மணி நேர நாடகம் வேறு. அங்கே மௌனமும் நடிப்பில் சேர்த்தி. நடிகர் மூச்சடக்கி நிற்கும் நொடியில் சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்தால், மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த காட்சி அங்கேயே போயிற்று. பாப்கார்ன் சத்தம் சினிமாத் திரையில் இருப்பவருக்குக் கேட்காது, இவருக்குக் கேட்கும்!

சர்க்கரை நோயாளிகள், சர்க்கரை அளவு இறங்கினால், தாராளமாக மிட்டாய் போட்டுக்கொள்ளட்டும், உறையை முன்பே பிரித்துவைத்துக்கொண்டு. மற்றவர்கள் நாடகம் முடியும்வரை பொறுக்கலாம்.