மார்புப் புற்றும் வாய்ப்பூட்டும்

அருமனைப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி கண்டால், அதை வைத்தியரிடம் காட்டுமுன் அவள் எத்தனை பேரைத் தாண்ட வேண்டியிருக்கிறது! புருஷன், மாமியார், ஜோசியன், நேர்ச்சை வாங்கும் கோயில், ஜெபம் செய்யும் பாதிரி ஆகிய இத்தனை பேரையும் தாண்டித்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறாள். அங்கேயும் கட்டியின் அளவைக் கேட்பார்களே ஒழிய, “அம்மா, இரவில் உறக்கம் வருகிறதா? வீட்டில் உன்னை எப்படி நடத்துகிறார்கள்?” என்று கேட்பவர் மிகச் சிலரே.

இந்த மண்ணில் பெண்ணின் மார்பு என்றைக்கு அவளுக்குச் சொந்தமாயிருந்தது? இவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கீழ் இருந்த காலத்தில், நாடார் முதலிய ஜாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாதென்று மேல்ஜாதியார் தடுத்தனர். மறைத்தவர்களின் சீலையைக் கிழித்தனர். நெடுங்காலப் போராட்டத்திற்குப் பிறகு 1859-ல்தான் அரசர் அனுமதி கொடுத்தார். அதுவும் மேல்ஜாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாதென்ற நிபந்தனையோடு! அன்று மறைக்காதே என்ற சமூகம், இன்று நோய் வந்தால் மறை என்கிறது. இரண்டிலும் பெண்ணின் இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை.

நோய் கண்டவளை நம்மவர் என்ன சொல்லுகிறார்கள்? “முன் ஜென்மப் பாவம்,” “செய்வினை,” “மகளுக்கு வரன் வராது, வாயைத் திறக்காதே.” இது தொற்று நோயல்ல, பாவத்தின் சம்பளமும் அல்ல. உடம்பின் அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் வருவது. 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இது புதிதாகக் கண்டதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை பேரும் பாவிகள் என்றால், அப்படிப் படைத்த கடவுளையல்லவா முதலில் விசாரிக்க வேண்டும்?

மேல்நாட்டார் என்ன செய்தார்கள்? நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் வைத்தியர், புற்று நோயாளியின் மனதையும் வைத்தியம் கவனித்தாக வேண்டுமென்று பல்லாண்டு உழைத்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1998-ல் ஒரு எளிய முறையை வெளியிட்டார்கள். காகிதத்தில் ஒரு தெர்மாமீட்டர் படம். 0 முதல் 10 வரை எண்கள். சென்ற ஒரு வாரத்தில் பட்ட வேதனை எவ்வளவென்று நோயாளியே குறிக்க வேண்டியது. கூடவே பணம், வேலை, பிள்ளைகள், போக்குவரத்து, குடும்பம், பயம், உறக்கம் என்று ஒரு பட்டியல். 4-ம் அதற்கு மேலும் வந்தால் தீர விசாரிக்க வேண்டும். “மனநோய்” என்னாமல் “வேதனை” என்று பெயர் வைத்ததற்குக் காரணம், பைத்தியப் பட்டத்துக்கு அஞ்சி யாரும் வாய் மூடக் கூடாதென்பதே.

நம் நாட்டிலும் வழி காட்டியவர் இல்லாமலில்லை. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தலைவிதி என்று சும்மாயிருந்துவிடவில்லை. 1954-ல் அடையாற்றில் புற்று நோய் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார்.

“காகிதத்தில் எண் போட்டால் நோய் தீருமா?” என்று சிலர் கேட்கலாம். தீராது. கேட்டுவிட்டு உதவி செய்யாமலிருப்பது வெறும் சடங்குதான். சடங்கை நாம் எங்கும் ஆதரிப்பதில்லை. ஆனால் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவள், திருவனந்தபுரத்திற்குப் பஸ் கூலி இல்லாமல் பாதியில் வைத்தியத்தை நிறுத்தினால், அது மருந்தின் தோல்வியா? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் வழி செய்திருக்கலாம்.

1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தோம். 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. ஆனாலும் தன் உயிரைக் காக்க நூறு ரூபாய் செலவு செய்யப் பிறர் முகம் பார்ப்பவள் அந்தச் சட்டத்தால் என்ன கண்டாள்?

ஆகவே நாம் கேட்பது இவை: புற்று பார்க்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்க வேண்டும். ஒருமுறை மட்டுமல்ல, வைத்தியத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டும். புருஷனையும் மாமியாரையும் வெளியில் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். எண் கூடினால் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். சர்க்கார் 2022-ல் தொடங்கிய 14416 என்ற மனநல உதவி எண்ணை ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

தோழர்களே! ஆஸ்பத்திரி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே உங்கள் வீட்டுப் பெண்ணை நீங்கள் கேளுங்கள். அவள் பதில் சொல்லத் தயங்கினால், அந்தப் பூட்டைப் போட்டவர்களில் நாமும் ஒருவர் என்று உணருங்கள்.