தண்ணி நிறையக் குடிக்கிறேல்லையோ?

இந்த நாட்டில எத்தனை தோல் டொக்டர்மார் இருக்கினம் எண்டு முகத்தில பரு உள்ள ஆக்களுக்குத்தான் தெரியும். கலியாண வீட்டுப் பந்தியில பக்கத்தில இருக்கிற அன்ரி ஒரு டொக்டர். போர்டிங் அம்மா இன்னொரு டொக்டர். பஸ்ஸில முன்பின் தெரியாத ஒரு ஐயாவும் டொக்டர். எல்லாரும் எழுதித் தாற மருந்து ஒண்டுதான்: தண்ணி நிறையக் குடி, எண்ணெய்ச் சாப்பாட்டை விடு, நேரத்துக்குப் படு.

இப்ப இதுக்கு ஒரு புதுப் பெயரும் வந்திருக்கு. 'முழுமையான வாழ்க்கைமுறை மாற்றம்.' ரிக்ரொக்கிலயும் யூரியூப்பிலயும் பளபளக்கிற முகத்தோட வந்து சொல்லுகினம்: "கிறீம் வேண்டாம், குளிசை வேண்டாம், உள்ளுக்க சுத்தமானா வெளியில தானாச் சுத்தமாகும்." இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது. நித்திரைக்கோ மரக்கறிக்கோ எதிரானது இல்லை.

முதலில பரு எப்படி வருகிறது என்று பார்ப்போம். பதின்ம வயதில் அன்ட்ரோஜன் ஓமோன்கள் கூடும்போது தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கின்றன. மயிர்த்துளையின் வாய் இறந்த கலங்களால் அடைபடுகிறது. எல்லாருடைய தோலிலும் வாழ்கிற ஒரு பக்டீரியா அதற்குள் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கிறபோது அந்த இடம் சிவந்து வீங்குகிறது. இதில எந்த இடத்தில 'அசுத்தம்' வருகுது? மூக்கில தெரியிற கரும்புள்ளி கூட ஊத்தை இல்லை. அது மெலனின் என்ற நிறப்பொருள் காற்றுப் பட்டுக் கறுத்தது. அதை ஊத்தை எண்டு நினைச்சு நாளுக்கு 6 தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சா தோல் எரிஞ்சு இன்னும் மோசமாகும்.

2002இல் பிரித்தானியாவில் இரட்டைப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வொன்று, பரு வருவதில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 81 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கணக்கிட்டது. அம்மாவிட்ட இருந்தோ அப்பாவிட்ட இருந்தோ வந்த தோலுக்குப் பிள்ளையை நிக்க வைச்சு விசாரிக்கிறதில என்ன நியாயம்?

சரி, சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. 2007இல் அவுஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையான 43 ஆண்களை வைத்து 12 கிழமை ஒரு ஆய்வு நடந்தது. இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றாத சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குப் பருக்கள் மற்றவர்களை விடக் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் அவர்களுக்கு நிறையும் குறைந்தது. எது எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம். 2003இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 22 மாணவர்களைப் பார்த்தபோது, பரீட்சைக் காலத்து மன அழுத்தத்தோடு பரு கூடியது தெரிந்தது. இதெல்லாம் உண்மை. ஆனா இந்த ஆய்வுகள் கைகாட்டுறது சீனி, வெள்ளை மா, மன அழுத்தம் பக்கம். அன்ரிமார் திட்டுற வடையையும் ரோல்ஸையும் விட, அவையள் அன்பாய் நீட்டுற 3 கரண்டிச் சீனி போட்ட ரீயைத்தான் முதலில சந்தேகப்பட வேணும். தண்ணி கூடக் குடிச்சாப் பரு போகும் எண்டதுக்கோ நல்ல ஆதாரமே இல்லை.

'இயற்கை வாழ்க்கை' ஆக்கள் அடிக்கடி தூக்கிப் பிடிக்கிறது பப்புவா நியூகினியாவின் கிட்டாவாத் தீவை. அங்கே பார்த்த 1200 பேரில் ஒருவருக்கும் பரு இல்லை என்று 2002இல் வெளியான கட்டுரை சொல்கிறது. சுவாரசியமான விசயந்தான். ஆனா அந்தத் தீவில மரபணு, சாப்பாடு, வேலை, வாழ்க்கை எல்லாமே வேற. அதில எது காரணம் எண்டு தெரியாம, "நீயும் பாலை விடு" எண்டு சொல்லுறது அறிவியல் இல்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024இல் புதுப்பித்த வழிகாட்டி, உணவு மாற்றத்தைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. பென்சொயில் பெரொக்சைட், அடப்பலீன் போன்ற பூச்சு மருந்துகளை உறுதியாகப் பரிந்துரைக்கிறது.

அடுத்தது, ஆருடைய வாழ்க்கையை மாத்தச் சொல்லுறியள்? கம்பஸ் பிள்ளை ஒண்டு காலமை கன்ரீனில பணிசும் ரீயும், மத்தியானம் வெள்ளைச் சோத்துப் பார்சல், இரவு பாணும் பருப்பும் எண்டு நாளை ஓட்டுது. ஒரு அறையில 4 பேர். ஒருத்தர் படிச்சு முடிக்க விடிய 2 மணி. இந்தப் பிள்ளையிட்டப் போய் அவகாடோவும் பாதாமும் 8 மணித்தியால நித்திரையும் பற்றிக் கதைக்கிறது ஆலோசனை இல்லை. குரக்கனும் சிவப்பரிசியும் சாப்பிட வேணும் எண்டா முதலில சமைக்க ஒரு அடுப்பு வேணும்.

எனக்கு உண்மையில கோபம் வாறது இந்த ஆலோசனை ஒருக்காலும் தோக்காத மாதிரிச் செய்யப்பட்டிருக்கிறதில. பரு போனா வாழ்க்கைமுறை வெண்டிட்டுது. போகாட்டி, "நீ ஒழுங்காச் செய்யேல்லை." பரு தானாய்க் கூடிக் குறையிற ஒரு நோய், வயசோட நிறையப் பேருக்கு அடங்கியும் போகும். அடங்கிற நேரத்தில ஆர் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அதுக்குத்தான் பேர். அடங்காத ஆக்கள் குற்றவாளி. அதிலயும் பெட்டையளுக்கு இரட்டைத் தண்டனை, "கலியாணம் பேசேக்க என்ன செய்யிறது" எண்டும் கேக்க வேணும்.

இதால வாற நட்டம் கொஞ்சம் இல்லை. ஆழமாய் வீங்கிற பருவை மருந்தில்லாம ஒரு வருசம் விட்டா குழி விழும், குழி பேந்து லேசிலை மாறாது. தேசிக்காய்ப் புளி பூசி வெயிலில போனாத் தோல் வெந்து கறுக்கும். மாதவிடாய் ஒழுங்கில்லாம, முகத்தில மயிரும் வளர்ந்து, பருவும் விடாம இருந்தா அது சூலகம் சம்பந்தப்பட்ட ஓமோன் பிரச்சினையாய் இருக்கலாம். அதைத் தண்ணி குடிச்சு மறைக்க ஏலாது. சலிச்சுப்போன பிள்ளையள் கடைசியில கடையில விக்கிற 'வெள்ளையாக்கிற' கிறீமுக்குப் போகினம். அதில ஸ்டீரோய்ட் கலந்திருந்தா முதல் 2 கிழமை முகம் மினுங்கும், விட்ட உடன பரு இரண்டு மடங்காய் வரும்.

"டொக்டர்மாரும் 2 நிமிசத்தில எழுதித் தந்து அனுப்புகினம்தானே" எண்டு நீங்கள் கேப்பியள். உண்மை. அதுக்குப் பதில் வைத்தியத்தை விடுறது இல்லை, கேள்வி கேக்கிறது. இந்த மருந்து எவ்வளவு காலம் பாவிக்க வேணும்? பெரும்பாலான பூச்சு மருந்துகள் வேலை செய்து தெரிய 8 முதல் 12 கிழமை எடுக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லாததாலதான் எங்கட ஆக்கள் 10 நாளில ரியூப்பை எறியினம். ஐசோட்ரெட்டினோயின் கடும் பருவுக்கு நல்ல மருந்து, ஆனா கர்ப்பத்தில எடுத்தாப் பிள்ளைக்குப் பெரிய பாதிப்பு வரும். அதை ஒரு சிநேகிதியின்ர மிச்சக் குளிசையாய் வாங்கிப் போடக்கூடாது. அரச போதனா வைத்தியசாலையில தோல் கிளினிக் காசில்லாமல் பாக்கலாம். வரிசை நீளம், அரைநாள் போகும். 'இயற்கை' சீரம் ஒண்டு வாங்கிற காசை விட அந்த அரைநாள் லாபம்.

நல்லாய் நித்திரை கொள்ளுங்கோ, சீனியைக் குறையுங்கோ. அது உடம்புக்கு நல்லது, சிலருக்குப் பருவுக்கும் உதவும். ஆனா அதை மருந்தோட சேர்த்துச் செய்யுங்கோ, மருந்துக்குப் பதிலாய் இல்லை. மற்ற ஆக்களின்ர முகத்தைப் பற்றி, அவையள் கேக்காமல், ஒண்டும் சொல்லாதேங்கோ. அவையளின்ர வீட்டிலயும் கண்ணாடி இருக்கு.