சாகும் என்று தெரிந்தே விற்காதீர்கள்

பட்டினி கிடந்து சாகும் என்று தெரிந்த மீனைக் கூசாமல் விற்பதும், அது என்ன தின்னும் என்றுகூடக் கேட்காமல் வாங்கிப்போவதும் நம் ஊரில் சர்வசாதாரணமாகிவிட்டன. வீட்டுக்குள் பவளப்பாறைத் தொட்டி வைக்கும் ஆசை பெருகப் பெருக, அந்தத் தொட்டிக்குள் ஒருபோதும் போகக்கூடாத உயிரினங்கள் பாலித்தீன் பைகளில் அடைபட்டு வந்துகொண்டே இருக்கின்றன. ‘ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான், போகப் போகப் பழகிவிடும்’ என்று விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறார்கள். பழகப்போவது மனிதர்கள், சாவது மீன்கள். இந்தப் போக்கை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சென்னை கொளத்தூரில் கிடைக்கும் கப்பியும் மோலியும் தங்கமீனும் பண்ணைத் தொட்டிகளில் பொரித்து வளர்ந்தவை. ஒன்று செத்தால் அந்த ஓர் உயிரோடு இழப்பு முடிகிறது. கடல் மீன்களின் கதை வேறு. கோமாளி மீன் உள்ளிட்ட சில இனங்களைத் தவிர, விற்பனைக்கு வரும் பெரும்பாலானவை கடலின் பவளப்பாறைகளிலிருந்து நேரடியாகப் பிடித்துவரப்படுபவை. பிடிக்கும்போது சில, கப்பலேறும்போது சில, கடைத் தொட்டியில் சில என வழியெங்கும் செத்து, மிஞ்சியதுதான் நம் வரவேற்பறைக்கு வருகிறது. அப்படி மிஞ்சியதையும் ஒரு மாதத்தில் கொன்றுவிடுகிறோம். பிறகு அதே இனத்தில் இன்னொன்று வாங்குகிறோம்.

மேன்டரின் மீனை எடுத்துக்கொள்வோம். விரல் நீளம்கூட இல்லாத உடலில் நீலமும் ஆரஞ்சும் பச்சையும் கோலமிட்ட அழகு. பார்த்தவர் விலையைக் கூடப் பேரம் பேசுவதில்லை. பாறை இடுக்குகளில் வாழும் கோப்பிபாட் எனும் நுண்ணிய உயிர்களே அதன் உணவு. நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றால்தான் அதற்கு உயிர் நிற்கும். புதிதாக வைத்த இரண்டடித் தொட்டியில் அந்த நுண்ணிய உயிர்கள் இருப்பதில்லை. இருந்தாலும் சில நாட்களில் தீர்ந்துவிடும். மேலே தூவும் தீனியை அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனாலும் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர், ‘நன்றாகத் தின்கிறது’ என்று நம்பிக்கொண்டிருப்பார். முதலில் வயிறு உள்வாங்கும். பிறகு தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சதை வற்றிக் குழி விழும். முதுகெலும்பு வரப்புபோல மேலே தெரியும். அப்போதும் அது கொத்திக்கொண்டுதான் இருக்கும். வெறும் பாறையைக் கொத்திக் கொத்தியே ஒருநாள் மணலில் சாய்ந்துவிடும். நோய் ஏதும் இல்லை, நீரில் குறை ஏதும் இல்லை. சோறு கிடைக்காத இடத்தில் அடைத்துவைத்தோம், செத்தது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதே விதி பல மீன்களுக்குக் காத்திருக்கிறது. ஆரஞ்சுப் புள்ளி ஃபைல்ஃபிஷ் மான்கொம்புப் பவளத்தின் உயிர்ப்பகுதியைத் தவிர வேறெதையும் ஏறக்குறையத் தொடுவதே இல்லை. நீண்ட மூக்குள்ள காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனை, ‘தொட்டியில் பெருகும் ஐப்டேசியா எனும் சிறு கடற்சாமந்தியின் தொல்லையைத் தீர்த்துவிடும்’ என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். அவற்றில் பல, வீட்டுக்கு வந்தபின் எந்தத் தீனியையும் ஏற்காமலே மடிகின்றன. 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் தொட்டியைவிட்டுத் தப்பிக்கத் துடிக்கும் கில் என்ற மீன், மூரிஷ் ஐடல் இனத்தைச் சேர்ந்தது. பாறையில் வளரும் கடற்பஞ்சுகளை மேய்ந்து வாழும் அந்த இனத்தைத் தொட்டியில் காப்பாற்றுவது தேர்ந்த கைகளுக்கே அரிது. அதையும் முதல்முறையாகத் தொட்டி வைப்பவருக்கு விற்கிறார்கள். மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் கிளீனர் ராஸ் மீனுக்கு, நான்கைந்து மீன்கள் மட்டும் இருக்கும் தொட்டியில் என்ன கிடைத்துவிடும்? ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் சில பாறைகளிலிருந்து இந்த மீனைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அகற்றிப் பார்த்த ஆய்வாளர்கள், அங்கே மற்ற மீன்களின் எண்ணிக்கையும் வகைகளும் குறைந்துபோனதைப் பதிவுசெய்தார்கள். ஒரு வீட்டின் அலங்காரத்துக்காகப் பிடிக்கும் மீனால் பாறையே நலிகிறது.

தீனி கிடைத்தாலும் இடம் கிடைக்காதவை இன்னொரு கூட்டம். ‘டோரி’ என்று குழந்தைகள் கைகாட்டிக் கேட்கும் நீல டாங் மீன், கடையில் தீப்பெட்டி அளவில் இருக்கும்; வளர்ந்தால் ஓர் அடியைத் தொடும். பாறை நெடுக நீந்தித் திரியும் அந்த மீனை மூன்றடிக் கண்ணாடிக்குள் விட்டால், சுவரை ஒட்டியே ஓடி ஓடி நலிந்து, வெண்புள்ளி நோய்க்கு முதலில் பலியாகும். வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த பேந்தர் குரூப்பர் குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். அது களவா இனம். 70 சென்டிமீட்டர் வரை வளரும். வாயில் நுழையும் எதையும் விழுங்கும். கோமாளி மீன்களோடு ஒரே தொட்டியில் போடுங்கள் என்று அதைக் கொடுத்தனுப்பும் கடைக்காரருக்கு இது தெரியாது என்றால், அவர் அந்தத் தொழிலில் இருக்கத் தகுதியில்லாதவர். தெரிந்தே கொடுக்கிறார் என்றால், செய்வது மோசடி.

கோமாளி மீன் வாங்கினால் கடற்சாமந்தியும் கட்டாயம் வேண்டும் என்பது பரப்பிவிடப்பட்ட பொய். தொட்டியில் பொரித்த கோமாளி மீன் சாமந்தி இல்லாமலே ஆயுள் முழுக்க நலமாக வாழும். கடலில் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய சாமந்தியோ, வலுவான வெளிச்சமும் நிலைப்பட்ட நீரும் இல்லாத புதுத் தொட்டியில் சுருங்கத் தொடங்கும்; இடம் பிடிக்காமல் நகர்ந்து, நீரோட்டம் தரும் மோட்டாரில் சிக்கிச் சிதையும்; அழுகிய உடலால் ஒரே இரவில் மொத்த நீரையும் கெடுக்கும். கடல் ஆப்பிள் எனப்படும் வண்ணக் கடல் அட்டை மிரண்டாலோ செத்தாலோ வெளிவிடும் நஞ்சு, தொட்டியிலுள்ள மீன்களை மொத்தமாகக் கொல்ல வல்லது. இத்தனையும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம்.

சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கடல் குதிரைகள், கடல் அட்டைகள், பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவை 2001-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைக் காக்க, 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகளை நீரில் மூழ்கவிட்ட ஊர் இது. கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் சாவதைக் கண்முன்னே பார்த்துக்கொண்டிருக்கும் காலமும் இது. இதற்குப் பிறகும் ஒருவர் பவளத் துண்டையும் உயிர்கள் ஒட்டிய ‘லைவ் ராக்’ கல்லையும் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குகிறார் என்றால், அதை அறியாமைக் கணக்கில் எழுத முடியாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பதும் பதிலாகாது. பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கிய சயனைடு மீன்பிடி இன்னும் ஒழிந்தபாடில்லை. மூழ்கிப்போய்ப் பாறை இடுக்கில் நஞ்சுக் கரைசலைப் பீய்ச்சுவார்கள். மயங்கிய மீன் எளிதாகக் கைக்கு வரும். அந்த இடத்துப் பவளம் செத்துப்போகும். தப்பிய மீன்களிலும் பல, ஈரலும் குடலும் கெட்டு, நம் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் காரணம் தெரியாமல் சாகின்றன. இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளை மட்டுமே தாயகமாகக் கொண்ட பங்காய் கார்டினல் மீன், தொட்டி வியாபாரத்துக்காக அள்ளப்பட்டு, 2007-இல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் ஏறியது. தொட்டியில் சுலபமாகக் குஞ்சு பொரிக்கும் இனம் அது. வளர்த்து விற்கப் பொறுமையில்லாமல் அள்ளி விற்றார்கள்.

கடைக்காரர்களிடம் நேராகவே கேட்கிறோம். ‘எங்க தொட்டியில நல்லாத்தான் இருந்துச்சு சார், உங்க தண்ணிதான் சரியில்ல’ என்ற பதிலை எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள்? வந்திறங்கிய மீன் உங்கள் தொட்டியில் தங்குவது சில நாட்கள்தான். பட்டினி தெரிவதற்குள் அது விலைபோய்விடுகிறது. செத்த மீனுக்குப் பதில் இன்னொரு மீன் விற்கிறது என்பதால், சாவே உங்களுக்கு வரும்படியாகிவிட்டது. மீனவரின் பிழைப்பையும் கடை ஊழியரின் சம்பளத்தையும் காரணம் காட்டாதீர்கள். வாழக்கூடிய மீனை விற்றாலும் அந்தச் சம்பளம் வரும்.

வாங்குபவர்களும் தப்பிக்க முடியாது. நீரைச் சுத்திகரிக்கும் ஸ்கிம்மருக்கும் விளக்குக்கும் பல ஆயிரம் செலவழித்து, எந்த மாடல் நல்லது என்று மாதக்கணக்கில் விசாரிக்கும் நீங்கள், உயிருள்ள ஒன்றை ஐந்து நிமிடத்தில் முடிவுசெய்கிறீர்கள். நிறத்தைப் பார்க்கிறீர்கள், வயிற்றைப் பார்ப்பதில்லை. வாங்கிய பெரிய மீன் கட்டுக்கடங்காமல் போனதும் மெரினாவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்கள். வேற்றுக் கடலின் மீனும் அதன் நோயும் நம் கடலில் கலப்பது புண்ணியம் ஆகாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் 1985-இல் முதலில் தென்பட்ட சிங்க மீன், தொட்டியிலிருந்து விடப்பட்டதே என்று கருதப்படுகிறது; இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி அங்குள்ள இளம் மீன்களை வாரித் தின்கிறது.

மாற்று வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் பல வகைக் கோமாளி மீன்களையும் டாம்செல் மீன்களையும் செயற்கை முறையில் குஞ்சு பொரித்துக் காட்டிவிட்டன. லட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்களுக்குக் கடல் அலங்கார உயிரினங்களை வளர்க்கும் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. முடியவே முடியாது என்று கருதப்பட்ட நீல டாங் மீனையே 2016-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தினர் தொட்டியில் பொரிக்கவைத்தார்கள். நன்றாகப் பராமரிக்கும் தொட்டியை நாம் எதிர்க்கவில்லை. கடலை அறியவும் நேசிக்கவும் அது ஒரு வாசல். அந்த வாசலில் பிணங்கள் குவிவதைத்தான் எதிர்க்கிறோம்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு கடல் மீன் தொட்டியின் மீதும் அந்த மீனின் முழு வளர்ச்சி அளவு, உணவு, தேவைப்படும் குறைந்தபட்சத் தொட்டிக் கொள்ளளவு, எங்கே பிடிக்கப்பட்டது அல்லது பொரிக்கப்பட்டது ஆகிய விவரங்களைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். மூரிஷ் ஐடல், ஃபைல்ஃபிஷ், கிளீனர் ராஸ் போன்றவற்றை இறக்குவதைக் கடைகள் தாமாகவே உடனே நிறுத்த வேண்டும். தீனி எடுக்காத மீனை விற்கக் கூடாது. வாடிக்கையாளர் கேட்டால் அவர் கண்முன்னே தீனி போட்டுக் காட்ட வேண்டும். வளர்க்க முடியாமல்போன உயிரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பைக் கடைகள் ஏற்க வேண்டும். வனத்துறையும் மீன்வளத்துறையும் சேர்ந்து கடல் மீன் கடைகளில் முறையாகச் சோதனை நடத்தி, வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையிலுள்ள உயிரினங்களைப் பறிமுதல் செய்து வழக்குத் தொடர வேண்டும். மண்டபத்தில் கைகூடிய தொழில்நுட்பத்தை ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோர மீனவக் குடும்பங்களின் கையில் கொண்டுசேர்க்க மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டும். கடலிலிருந்து அள்ளுபவரைக் குஞ்சு பொரிப்பவராக மாற்றுவதே நிலைத்த தீர்வு.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பலகை எழுத ஒரு நாள் போதும். விற்க மாட்டேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வாங்குபவர் ‘இது என்ன தின்னும், எவ்வளவு வளரும், எங்கிருந்து வந்தது?’ என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, பதில் வராத கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பத் தொடங்கினாலே வியாபாரம் திருந்திவிடும். திருந்தாத கடைகளின் கதவைச் சட்டம் தட்ட வேண்டும். அதிகாரிகள் அதையும் செய்யத் தவறினால், தொட்டிகளில் சாகும் ஒவ்வோர் உயிருக்கும் அவர்களும் பொறுப்பாளிகளே.